மூன்று மணித் தடம்

அந்த விளையாட்டரங்கத்தில் மட்டமான ஆள் யார் என்று கேட்டால், வாசல் காவலாளியிலிருந்து அலுவலக மேலாளர் வரை எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீளம் தாண்டுகிற மணல் குழியை மட்டம் பண்ணுவதுதான் அவருக்கு வேலை. இருபத்து மூன்று வருடமாக அதே குழி, அதே வேலை, அதே கேலி. மட்டக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பார்க்கிறவர்களுக்கு லேசான வேலைதான். ஒருவன் ஓடி வந்து, வெள்ளைப் பலகையில் காலை ஊன்றி எழும்பி, மணலில் விழுவான். பலகையருகே உட்கார்ந்திருப்பவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினால் தாண்டல் செல்லும். அளந்து முடிக்கும்வரை மணல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் கால் பலகைக்கு அப்பால் போய்விட்டது, தாண்டல் செல்லாது. உடனே வாரியைப் போட்டு இழுத்துத் தடத்தை அழித்துவிடலாம். வெள்ளைக்கு நிற்பது, சிவப்புக்கு இழுப்பது. ஒரு வாரத்தில் எவனும் கற்றுக்கொள்ளக்கூடிய இந்தச் சட்டத்தில்தான் மட்டக்காரர் ஒரே ஒரு தடவை தவறினார். தவறியது சொந்தத் தம்பியின் தாண்டலில்.

அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். தம்பிக்கு இருபத்து நான்கு வயது. பல நாடுகள் கூடும் பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள். ஏழு மீட்டர் எண்பது தாண்டினால் பயணம் உறுதி. தம்பி ஓடி வந்து எழும்பியவன் காற்றில் நின்றே போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விழுந்து எழுந்து தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கத்தினான். சந்தோஷத்தில் கத்தினான். அண்ணன் கண்ணுக்கு மட்டும் அது 'போச்சே' என்று கத்துவதாகப் பட்டது. கொடியைப் பார்க்க வேண்டியவர் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்ட, வாரியைப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். நிமிர்ந்தபோது பலகையருகே வெள்ளைக் கொடி பறந்துகொண்டிருந்தது.

அளக்கத் தடம் இல்லை. விதிப்படி இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். தம்பி மூச்சுக்கூட வாங்காமல் ஆத்திரத்தோடு ஓடி வந்தான். பலகையில் கால் ஊன்றிய அந்த நொடியில் முழங்காலில் சத்தம் கேட்டது. குழிக்கு அந்தப் பக்கம் நின்ற மட்டக்காரருக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவன் தாண்டவில்லை. சரியாக நடக்கவும் இல்லை.

அன்றிலிருந்து தம்பி அண்ணன் வீட்டின் பின்னறையில் இருக்கிறான். சன்னலோரம் ஒரு தையல் இயந்திரம், பக்கத்தில் கட்டில், சுவரில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். பைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் ஜிப் மாற்றித் தருவான். சுத்தமான வேலை, ஊரில் பாதிப் பேரின் மானம் அவன் கையில்தான் இருக்கிறது என்று அண்ணி கிண்டல் செய்வாள். அண்ணனிடமும் பேசுவான், சிரிப்பான். ஆனால் அந்த இரண்டு இழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூட மட்டக்காரருக்கு வயிறு குளிர்ந்திருக்கும். திட்டாதவனின் அறைக்குள் எந்த முகத்தோடு போவது? இருபத்து இரண்டு வருடமாக வாசற்படியில் நின்றே பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்.

இந்த வருடம் அந்தப் பெரிய போட்டி இவர்கள் ஊருக்கே வந்தது. அரங்கத்துக்கு வெள்ளை அடித்தார்கள், ஓடுதளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். குழியில் இருந்த பழைய மணலை அள்ளி எறிந்துவிட்டு எங்கிருந்தோ எட்டு லாரியில் புது மணல் கொண்டுவந்தார்கள். கழுவிச் சலித்த வெளுத்த மணல். விரல்களுக்கிடையே விட்டால் தண்ணீர்போல ஒழுகும். அந்தப் பக்கத்தில் வேறெங்கும் அப்படி ஒரு மணல் கிடையாது. மட்டக்காரர் அதை ஒரு வாரம் கிளறி, ஈரம் காட்டி, பலகையால் தடவித் தடவி வைத்திருந்தார். மனைவி கேட்டாள், "என் முகத்த என்னிக்காவது இவ்வளவு நேரம் பாத்திருக்கீங்களா?"

போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தபோது அது ஆரம்பித்தது.

மத்தியானம் மூன்று மணி. வெயில் ஆணியடித்ததுபோல நின்றது. அரங்கத்தில் ஈ காக்கை இல்லை. மட்டக்காரர் குழியை மட்டம் செய்து முடித்து, வாரியைக் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். மணலில் தடம் இருந்தது.

இரண்டு குதிகால், பக்கம் பக்கமாக. அவற்றுக்குச் சற்று முன்னால் உடம்பு சரிந்த பள்ளம். குதிகாலுக்குப் பின்னால், பலகைப் பக்கமாக, இடது கை ஊன்றிய அடையாளம். பள்ளத்தின் ஓரத்திலிருந்து மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

காவலாளியின் குறும்பு என்று நினைத்தார். போய்ப் பார்த்தால் அவர் வாசலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார், வாசல் பூட்டியிருந்தது. சரி, என்னவோ என்று அழித்துவிட்டார். மறுநாள் அதே நேரம், அதே இடம், அதே தடம். மூன்றாம் நாள் அவர் வாரியை மாட்டவே போகவில்லை. குழிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, மணலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குச் சத்தம் வந்தது. ஓடுதளத்தின் கோடியில் யாரோ ஓட ஆரம்பிக்கிற சத்தம். வெறும் காலின் சத்தம். மெதுவாக எடுத்து, வேகம் பிடித்து, நெருங்கி நெருங்கி வந்தது. ஆள் இல்லை. ஓடுதளத்தில் ஒரு நிழல்கூட இல்லை. பலகையில் ஒரு அடி விழுந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு நொடி, காற்றில் யாரோ போய்க்கொண்டிருக்கிற அமைதி. அந்த அமைதிதான் அவரை உலுக்கிவிட்டது. சத்தத்துக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. பிறகு தொப்பென்று மணல் உள்வாங்கி, அவர் முழங்கால்மேல் நாலு மணல் தெறித்தது.

பதினெட்டுக் காலடி. இத்தனை வருடத்தில் ஆயிரம் பேர் ஓடி வருவதைக் கேட்டவர் அவர். பதினெட்டு அடி வைத்து, கடைசி இரண்டை மட்டும் சுருக்கி, விழும்போது இடது கையைப் பின்னால் ஊன்றித் தூரத்தைக் கெடுத்துக்கொள்ளும் ஒரே ஆளை அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தக் கையை ஊன்றாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பார்!

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி பின்கட்டில் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது என்ன கூத்து? மூணு நாளா உங்க தம்பி படுக்கைல மணலா கொட்டுது. நீங்கதான் அந்த ரூமுக்குள்ளயே போக மாட்டீங்களே, எப்படி வருது?"

அவள் உள்ளங்கையில் வாரிக் காட்டினாள். வெளுத்த, சலித்த மணல். விரலிடுக்கில் தண்ணீராக ஒழுகியது. மட்டக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மத்தியானம் என்ன பண்றான்?"

"சாப்பிட்டுத் தூங்கறாரு. ரெண்டரைலேர்ந்து மூணேகால் வரைக்கும். எழுந்திருக்கும்போது நாய் மாதிரி மூச்சு வாங்குது. சட்டை பிழிஞ்சா ஒரு வாளி வேர்வை. நாளைக்கு டாக்டர்ட்ட காட்டணும், சொல்லிட்டேன்."

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மறுபடி கேட்டார், பட்டையான காகிதத்தில் கோடு ஓடவிட்டுப் பார்த்தார். தம்பிக்கு இருதயம் பலவீனம் என்பது அவர் முன்பே கண்டு சொன்னதுதான். தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க தம்பி என்ன வேலை பாக்கறாரு?"

"ஜிப் தைக்கறான் டாக்டர். உக்காந்த எடத்துலதான்."

"விளையாடாதீங்க. இது தினமும் முழு வேகத்துல ஓடறவன் இருதயம். இந்த நிலைமைல மாடிப்படி ஏறவே நான் விடமாட்டேன். என்ன செய்யறாரோ அத நிறுத்துங்க. இப்படியே போச்சுன்னா ரெண்டு வாரம் தாங்கறது கஷ்டம்."

நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். எதை என்று மட்டக்காரர் அவரிடம் எப்படிச் சொல்வார்?

மறுநாள் காலையிலேயே குழிமேல் தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு ஓரமும் கல் வைத்தார். மூன்று மணிக்கு அந்தப் பக்கமே திரும்பாமல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று ஐந்துக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவிதான். தம்பி தூக்கத்தில் கத்தினானாம். ஓடிப் போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்துக் கிடந்தானாம். இடுப்பெலும்பில் ஒரு கன்றிப்போன அடி, கெட்டியான எதன்மேலோ உயரத்திலிருந்து விழுந்ததுபோல. கட்டிலைவிட்டு அவன் இறங்கவே இல்லை.

மட்டக்காரர் ஓடிப் போய்த் தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தார். மணலைத் தொட்டுப் பார்த்து மன்னிப்புக் கேட்டார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் கேட்டார்.

சாயங்காலம் பின்னறையின் வாசற்படியில் நின்றார். தம்பி தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"மத்தியானத்துல கனவு ஏதாச்சும் வருதாடா?"

"கனவெல்லாம் இல்லண்ணே. ஓடறேன்." ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "பலக வரைக்கும் எல்லாம் நல்லா தெரியுது. முட்டி வலிக்கவே இல்ல. கால் தரைய விட்டதும் முழிப்பு வந்துருது. எங்க விழறேன்னுதான் தெரியல."

அண்ணன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அங்கதான இருக்க?" தம்பி கேட்டான். "நீ பாக்கல?"

"பாத்தேன்," என்றார். "நாளைக்கே டேப் எடுத்துட்டுப் போயி அளந்துட்டு வந்து சொல்றேன். சொன்னா விட்டுருவியா? டாக்டர் சொன்னாருடா, உன் நெஞ்சு தாங்காது. அளந்து சொல்லிட்டா போதும்ல?"

தம்பியின் முகம் மாறியது. இருபத்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு கசப்பு மேலே வந்தது.

"நீ அளக்காத. கொடி தூக்கறவன் தூக்கணும், அளக்கறவங்க அளக்கணும். அப்பதான் செல்லும். உன் கை அதுல படவே கூடாது."

பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மட்டக்காரர் "சரிடா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கொடியும் அதிகாரிகளும் ஒன்றாக அந்தக் குழிக்கு வருவது போட்டியன்றைக்குத்தான். அதற்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் மூன்று மணிக்குக் குழியருகே நின்று அந்தத் தடம் விழுவதைப் பார்த்தார், அளக்காமல் அழித்தார். ஒவ்வொரு நாளும் அதே இடம். ஓடி வரும் சத்தத்தில் மட்டும் இளைப்பு கூடிக்கொண்டே போனது. வீட்டில் தம்பிக்கு டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கியது. ஜிப் வேலையை நிறுத்திவிட்டான். ஆறாம் நாள் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, மனைவியிடம், "ஒரு ஆள் எப்பவும் பக்கத்துலயே இருங்க," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஆண்கள் நீளம் தாண்டும் இறுதிச் சுற்று, தொலைக்காட்சிக்காரர்களின் தோதுக்காக மத்தியானம் ஒன்றரைக்கு வைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாட்டு ஆட்கள். ஒருவன் நெடுமரமாக இருந்தான், ஒருவன் ஓடும்முன் தனக்குத்தானே கன்னத்தில் அறைந்துகொண்டான், ஒருவன் மணலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். அரங்கம் நிரம்பி வழிந்தது. பலகையருகே கொடிகளோடு பலகைக்காரர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே அரைத் தூக்கம் போடுவதில் மன்னன், ஆனால் பலகையில் கால் பட்டால் கண் திறந்துவிடும். குழிப் பக்கம் அளவு டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை சென்டிமீட்டரைக்கூடப் பிச்சை போடமாட்டார் என்று பெயர். அந்தப் பழைய நாளிலும் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான்.

மட்டக்காரர் சரியாக வேலை செய்தார். வெள்ளைக்கு நின்றார், சிவப்புக்கு இழுத்தார். உள்ளுக்குள் மட்டும் ஒரே கணக்கு. மூன்று மணிக்கு யாராவது தாண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தம்பியின் தடத்துமேல் இன்னொருவன் விழுந்தால்? அளக்கச் சொல்லி எந்த வாயால் கேட்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அளந்துவிட்டால் தம்பிக்கு வந்த காரியம் முடிந்துபோகும். காரியம் முடிந்தவன் இருப்பானா, போய்விடுவானா?

ஆறாவது சுற்று முடிய இரண்டு ஐம்பத்தெட்டு. கடைசியாகத் தாண்ட வேண்டியவன் அந்த நெடுமரம், அவன்தான் முதலிடம். மற்ற எல்லாரும் முடித்துவிட்டதால் தங்கம் ஏற்கெனவே அவன் கையில். இனி எதற்கு என்று கையை ஆட்டிவிட்டு, தன் நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடினான். கேமராக்காரர்கள், தலைமை நடுவர், எல்லாரும் அவன் பின்னால் போனார்கள். குழி மட்டமாக, ஒரு கோடுகூட இல்லாமல் கிடந்தது. டீச்சர் தூரம் அளக்கும் கருவியைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார்.

முப்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் அந்த வெறுங்கால் ஓட்டம் கேட்டது.

மட்டக்காரர் காலடிகளை எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று. இளைக்கிறான். பதினாறு. கடைசி இரண்டு, சுருக்கி. பலகையில் அடி விழுந்தது. பிறகு அந்த ஒரு நொடி. அவ்வளவு கூச்சலும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, காது அடைத்துக்கொண்டது.

தொப்.

டீச்சர் நிமிர்ந்தார். பலகையில் கால் பட்டதும் கண் திறக்கிற பழக்கத்தில் பலகைக்காரர் கண் திறந்து, பலகையைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று கண்டு, பழக்கதோஷத்தில் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டார். தூக்கிய பிறகுதான் ஓடி வந்தவன் எவனும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கொடியை இறக்கவும் தெரியாமல் அப்படியே பிடித்திருந்தார்.

மட்டக்காரரின் கையில் வாரி இருந்தது. அவருக்கே தெரியாமல் அது மணலை நோக்கித் தாழ்ந்திருந்தது. கை மரத்துப்போய், விரல் விரலாகப் பிரித்துத்தான் அதைக் கீழே போட்டார்.

"யார் தாண்டினது?" டீச்சர் கேட்டார்.

"டீச்சர், கொடி வெள்ளை. ஒரு தடவ அளந்துடுங்க."

"பட்டியல்ல ஆளே இல்ல. யாரோடத அளக்கறது?"

மட்டக்காரர் குனிந்தார். இடது கை ஊன்றிய அடையாளத்தைக் காட்டினார். டீச்சர் அதைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். அந்தக் கையை ஊன்றாதே என்று இவர் ஓரத்தில் நின்று கத்திய நாட்களில் அவரும் அங்கே இருந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நான் நாடாவ எடுத்துட்டு வர்றதுக்குள்ள இழுத்துட்டீங்க," என்றார் மெதுவாக. "நகருங்க."

ஊன்றிய கையின் மணிக்கட்டுப் பள்ளம்தான் பலகைக்கு மிகப் பக்கம். அங்கே கருவிக்குக் குறி காட்டும் கண்ணாடிக் குச்சியை நட்டார். கருவியில் எண் விழுந்தது. அவர் அதைத் தாளில் எழுதவில்லை. வாயால் மட்டும் சொன்னார்.

"ஏழு எழுபத்து நாலு."

எண்பது வேண்டும். ஆறு சென்டிமீட்டர் குறைவு.

மட்டக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடம் எண்பதைத் தாண்டியிருக்காது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் நினைத்ததில்லை. அப்போது பலகையருகிலிருந்து பலகைக்காரர் ஈனக் குரலில் கூப்பிட்டார். டீச்சரும் இவரும் போனார்கள். ஆணி வைத்த ஷூக்கள் நாள் முழுக்க மிதித்த வெள்ளைப் பலகையில், தூசியில், ஐந்து விரலோடு ஒரு வெறுங்காலின் தடம் பதிந்திருந்தது. விரல் நுனிக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவே ஒரு கையகலம் இடம்.

டீச்சர் குனிந்து அதையும் அளந்தார். "ஒன்பது சென்டிமீட்டர் பின்னாடியே எழும்பிட்டான். நாம விளிம்புலேர்ந்துதான அளக்கறோம், காலு எங்க இருந்தா நமக்கென்ன. இந்த ஒன்பதும் வீணாப் போச்சு." நிமிர்ந்து, "உங்க தம்பி நெஜமா தாண்டினது ஏழு எண்பத்து மூணு," என்றார். பேசிக்கொண்டே சட்டென்று கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டார்.

அரங்கத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். ஏழு தொண்ணூறு என்று சொல்லிவிடலாம். ஜெயித்துவிட்டாய், நிம்மதியாகப் படு என்று சொல்லிவிடலாம். வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு உயிரே போயிற்று.

"இருக்காருங்க, இருக்காரு," என்றாள் அவசரமாக. "இன்னைக்கு மூச்சு வாங்கல. எழுந்து உக்காந்திருக்காரு. உங்கள உள்ள வரச் சொன்னாரு."

"உள்ளயா?"

வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார். அந்த அறையில் சன்னல் இவ்வளவு சின்னது என்று அவருக்கு அதுவரை தெரியாது. கட்டிலில் தம்பி. விரிப்பு முழுக்க மணல்.

"இன்னைக்கு முழிப்பு வரலண்ணே," என்றான் தம்பி. "விழுந்தேன். மணல் சூடா இருந்துச்சு. யாரோ பக்கத்துல குச்சி நட்டாங்க. எவ்வளவு?"

ஏழு தொண்ணூறு நாக்கு நுனி வரை வந்தது. தம்பி பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டது.

"ஏழு எழுபத்து நாலு."

"நெஜமாவா?"

"டீச்சர் அளந்தாங்க. நான் தொடல."

தம்பி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அண்ணி பக்கத்தில் ஓடினாள், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு கொறையுது! இருபத்திரண்டு வருஷமா தெனம் உன்ன மனசுக்குள்ள வெட்டிப் போட்டிருக்கேன், தெரியுமா? சிரிச்சு சிரிச்சுப் பேசிக்கிட்டே. நீ அழிச்சதாலதான் என் வாழ்க்கை போச்சுன்னு. நீ அழிக்கலன்னாலும் நான் போயிருக்க மாட்டேன். மன்னிச்சுக்கண்ணே."

மட்டக்காரர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். முட்டி போனதும் என்னாலதானடா என்று சொல்ல நினைத்தார். தம்பி அவர் தலையைத் தடவிக்கொடுத்தான். கை வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்போது அந்தக் கை நின்றது.

"அண்ணே, பலகைல கால் எங்க இருந்துச்சு?"

தாண்டுகிறவன் எவனும் தூரம் கேட்ட கையோடு அதைத்தான் கேட்பான். மட்டக்காரர் நிமிர்ந்தார். தம்பியின் கண்ணில் அந்தப் பளபளப்பு திரும்ப வந்திருந்தது. போர்வைக்கு அடியில், இருபத்து இரண்டு வருடமாகச் சரியாக அசையாத வலது காலின் விரல்கள், எதையோ தேடுவதுபோல மெல்ல மடங்கி விரிந்தன. கட்டிலின் ஓரத்திலிருந்து மணல் சரசரவென்று தரையில் இறங்கியது.

ஒன்பது. அந்த ஒற்றை எண்ணைச் சொன்னால் போதும். எழுபத்து நாலோடு ஒன்பது என்று தம்பி கூட்டிப் பார்ப்பான். எண்பத்து மூன்று தன் காலில் இருந்தது என்று தெரிந்துகொள்வான். நாளைக்கு மூன்று மணிக்கு ஒரு கையகலம் முன்னால் தள்ளி மிதிக்கப் போவான். நாளையே போதும், அந்த நெஞ்சுக்கு.

"சொல்லுண்ணே. எவ்வளவு எடம் விட்டேன்?"

"எடமா?" மட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விளிம்புலயே வச்சிருந்தடா. நூல் எடங்கூட விடல."

"நல்லா பாத்தியா?"

"டீச்சரே சொன்னாங்க, இதுக்கு மேல மிதிக்க முடியாதுன்னு."

தம்பி அண்ணனையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப நான் அவ்வளவுதான்," என்றான்.

மட்டக்காரர் தலையை ஆட்டினார். போதாது என்று தோன்றியது. "ஆமாடா," என்று வாயாலும் சொன்னார்.

போர்வைக்கு அடியில் விரல்கள் நின்றன. தம்பி மெதுவாகச் சரிந்து படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி விரிப்பை மாற்ற வேண்டும் என்றாள். மாற்றினார்கள். மறுநாள் அதில் மணல் இல்லை. மூன்று மணிக்குக் குழி வைத்தது வைத்தபடி கிடந்தது. மட்டக்காரர் நான்கு மணி வரை நின்று பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும், அந்த மாதம் முழுக்கவும், ஒன்றும் வரவில்லை.

தம்பி தேறிவிட்டான். இருதயம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் தன் மருந்துக்குப் பெருமை எடுத்துக்கொண்டார். ஜிப் வேலை மறுபடி ஓடுகிறது. பை கொண்டுவருகிறவர்கள் சுவரிலிருக்கும் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு, நீங்கள் தாண்டுவீர்களா என்று கேட்பார்கள். தம்பி ஊசியில் நூல் கோத்தபடி சிரித்துக்கொண்டே சொல்வான், "தாண்டினேன். எங்க அண்ணனாலதான் போச்சுன்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டிருந்தேன். பாத்தா, எனக்கே அவ்வளவுதான் வந்திருக்கு." மட்டக்காரர் அந்த நேரத்தில் அறைக்குள் இருந்தால், எழுந்து வெளியே போய்விடுவார்.